எழவு வீட்டில் ‘வாரேன்’ சொன்ன மதினி

எங்கள் பக்கத்தில் எழவு வீட்டுக்கு இரண்டு சட்டம் உண்டு. வருகிறவர்களை வீட்டுக்காரர்கள் ‘வாங்க’ என்று கூப்பிடக் கூடாது. போகிறவர்கள் ‘வாரேன்’ என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. போனோமா, கட்டிப்பிடித்து அழுதோமா, மூக்கைச் சிந்தினோமா, முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தோமா, அப்படியே நழுவிவிட வேண்டும். ‘வாரேன்’ என்று சொல்லிவிட்டால் இன்னொரு எழவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடுமாம். பால் மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சட்டம்.

மதினிக்கும் தெரியும். ஆனால் வாயில் நிற்காது.

மதினி என்றால் கூடப்பிறந்த அண்ணனின் பெண்டாட்டி இல்லை. அரிமளத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், எனக்கு நாலு வீடு தள்ளி இருந்தவள். முறைக்கு எனக்கு மதினி, என் வீட்டுக்காரருக்குத் தங்கை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள் என்று நான் சொல்வேன், ஒரே வயது என்று அவள் சொல்வாள். குட்டையான ஆள். நடந்தால் இடுப்பு ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமும் போகும். காலில் ரப்பர் செருப்பு. ஒன்றின் வார் நீலம், இன்னொன்றின் வார் அறுந்து ஊக்குக் குத்தியிருக்கும். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தால் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாள். இந்தச் செருப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ரேஷன் கடைக்காரரின் அம்மா போய்ச் சேர்ந்த அன்று அவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். ஊரே வாயை மூடிக்கொண்டு அவரைக் கடந்து போனது. மதினி மட்டும் நின்று, கல்யாண வீட்டில் சொல்வது போலத் தெளிவாகச் சொன்னாள்.

“அப்ப வாரேம்ப்பா.”

“என்னத்தே சொன்னீங்க?”

“வாரேன்னேன்.”

“இப்பத்தான் ஒண்ணத் தூக்கிட்டுப் போறாக. அடுத்து யாருக்கு வாரீங்க?”

“நாளைக்கு வாரேம்ப்பா. அதுக்குள்ள நீ யாரையும் அனுப்பி வச்சிறாதே.”

சொன்னபடி மறுநாள் போனாள். அதுதான் அவளிடம் உள்ள வம்பு. மற்றவர்கள் சட்டத்தை மதித்துச் சொல்லாமல் போவார்கள். போனவர்கள் போனவர்கள்தான், பதினாறாம் நாள் சாப்பாட்டுக்குத்தான் முகத்தைப் பார்க்கலாம். மதினி மறுநாளே ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு வந்து நிற்பாள். அழுது ஓய்ந்த வீட்டில் யார் மூலையில் கிடக்கிறார்களோ அவர்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கீரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அவர்கள் மடியில் போடுவாள்.

“ஆஞ்சுக்கிட்டே இரு.”

அவ்வளவுதான். ஆறுதல், தேறுதல் ஒன்றும் கிடையாது. செத்தவர் பேச்சையே எடுக்க மாட்டாள். அவள் வீட்டு ஆடு பக்கத்து வீட்டுத் தலையணையைத் தின்றது, மருமகள் மிக்சியில் சட்னி அரைத்தால் விதை விதையாக வருவது, ஒன்பது மணி பஸ் ஒன்பதேகாலுக்கு வருவது என்று பேசிக்கொண்டே ஆய்வாள். எழுந்திருக்கும்போது மறுபடியும் ‘வாரேன்’. மறுநாள் மறுபடியும் கீரை. திடீரென்று ஒருநாள் நிறுத்திவிடுவாள். ஏன் தொடங்கினாள், ஏன் நிறுத்தினாள் என்று யாரும் கேட்டதில்லை. வீட்டில் கீரை தீர்ந்தது என்று நினைத்துக்கொள்வார்கள்.

சிமெண்டுக் கடைக்காரர் வீட்டு விஷயத்துக்குப் பிறகு தெரு அவளைப் பார்த்துப் பயப்பட ஆரம்பித்தது. அவருடைய அப்பா இறந்தார், மதினி ‘வாரேன்’ சொன்னாள், பன்னிரண்டாம் நாள் அம்மாவும் போய்விட்டார். அந்தக் கிழவி நாலு வருஷமாகப் படுக்கையில் கிடந்தவர். மதினி சொன்ன ஒரு சொல்லுக்காகவா உயிரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்? இதை நான் கேட்டேன், யார் காதிலும் ஏறவில்லை. தெருப் பெண்கள் கூடிப் பேசி, இனி எந்த எழவுக்குப் போனாலும் மதினி கூடவே ஒரு ஆள் போய், வாயைத் திறக்கவிடாமல் வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்தக் காவல் வேலை எனக்கு வந்தது. என் பேச்சைத்தான் அவள் கேட்பாளாம். என் பேச்சை என் வீட்டுப் பூனைகூடக் கேட்டதில்லை.

நான் கண்டுபிடித்த வழி கிள்ளுவது. வாசல்படி வந்ததும் அவள் இடுப்பு மடிப்பில் ஒரு கிள்ளு. துள்ளிக்கொண்டு படி இறங்கிவிடுவாள். லைட்டுக் கம்பம் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டாள். அங்கே போய்த் திரும்பி, தெருவுக்கே கேட்கிற மாதிரி ‘வாரேன்’ என்பாள். ஒருதரம் சத்தியம் வாங்கிக்கொண்டு கூட்டிப் போனேன். வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு நல்ல பிள்ளையாகப் படி இறங்கினாள். இறங்கித் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டாள். அன்றைக்கு எனக்கும் சேர்த்துத் திட்டு.

அவள் மருமகளுக்கு இது பெரிய தலைவலி. “நாளைக்கு எம் புள்ளைக்குப் பொண்ணு கேட்டுப் போனா எவ தருவா? நம்ம வீட்டுல ஒண்ணு விழுந்தாத்தான் இந்த வாய் அடங்கும்” என்று ஒருநாள் என் முன்னாலேயே சொன்னாள். மதினி கோபித்துக்கொள்ளவில்லை. “விழட்டும்த்தா, அன்னைக்கும் சொல்லிட்டுத்தான் போவேன்” என்றாள்.

எல்லாருக்கும் சிரிப்பாக இருந்த அந்தச் சொல் என் வாசலுக்கு வந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கொரோனா இரண்டாவது முறை வந்த சமயம். என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், இரண்டு நாளில் என் மகனுக்கும். இருவரையும் ஒரே வேனில் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். மருமகளும் பேரப்பிள்ளைகளும் கந்தர்வக்கோட்டையில் அவள் அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் வெளியே வரக் கூடாது என்று தெருவாசலில் மூன்று தகரத்தை மூங்கிலில் கட்டி, ஒரு நோட்டீஸை ஒட்டி, பிளீச்சிங் பவுடரைக் கோலம் மாதிரி தூவிவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் நாள் போன் வந்தது. அவர் போய்விட்டார். ஊருக்குக் கொண்டுவர முடியாது, பிளாஸ்டிக்கில் சுற்றி அங்கேயே எரித்துவிடுவார்கள், என் தம்பி மகன் தூரத்தில் நின்று நெருப்பு வைப்பான் என்றார்கள். மகனுக்கு மூக்கில் குழாய் போட்டிருக்கிறது, அவனுக்கு மட்டும் தெரியக் கூடாது, தெரிந்தால் மூச்சு தாங்காது என்றும் சொன்னார்கள்.

நான் அழ வாயைத் திறந்தேன். அதற்குள் மகனிடமிருந்து போன்.

“அம்மா, அப்பா எப்படி இருக்காகளாம்?”

“அந்த வார்டுல தூங்குறாகளாம்ப்பா.”

“சாப்பிட்டாகளா?”

“கஞ்சி குடிச்சாகளாம். உப்பில்லைன்னு சண்டையாம்.”

அவன் சிரித்தான். சிரித்ததும் இருமல் வந்தது.

அன்றிலிருந்து அழுகை உள்ளேயே நின்றுவிட்டது. அவன் எந்நேரம் கூப்பிடுவான் என்று தெரியாது. அழுதால் குரல் கம்மும், கம்மினால் கண்டுபிடித்துவிடுவான். வாசலிலிருந்து கொல்லைக்கு நடந்தால் முப்பத்திரண்டு எட்டு. கொல்லையிலிருந்து வாசல் முப்பத்திரண்டு எட்டு. கொடியில் அவர் துண்டு காய்ந்து விறைத்துத் தொங்கியது. முற்றத்தில் அவருடைய மொபெட்டு, மேலே சாக்கு மூடி. சொந்தக்காரர்கள் போனில் கேதம் கேட்டார்கள். “தைரியமா இருங்க” என்றார்கள். பிறகு, “சரி, வச்சிரவா?” என்றார்கள். போனுக்கு நம் ஆட்கள் இன்னும் சட்டம் போடவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் தகரத்துக்குக் கீழே இருந்த இடைவெளியில் இரண்டு கால்கள் தெரிந்தன. ஒரு வார் நீலம், ஒரு வாரில் ஊக்கு.

“ஏத்தா, இருக்கியா?”

“எங்க போகப் போறேன்.”

ஒரு கட்டு முருங்கைக்கீரை இடைவெளி வழியாக உள்ளே வந்தது.

“ஆஞ்சு வையி.”

“யாருக்கு மதினி ஆயிறது? திங்க ஆளில்ல.”

“எனக்குத்தான். எம் மருமக ஆய மாட்டேங்கிறா.”

கொஞ்ச நேரம் ஆட்டைப் பற்றிப் பேசினாள். தகரத்துக்கு இந்தப் பக்கம் நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தக் கால்கள் திரும்பின.

“வாரேன்.”

தகரத்தை ஓங்கி அடித்தேன்.

“மதினி, வாயில மண்ண அள்ளிப் போட்டுருவேன். எம் புள்ள மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கெடக்கான். இன்னொருக்கா இந்த வாசல்ல அதச் சொன்னீங்க, மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்.”

ஊக்குக் குத்திய செருப்பு ஒரு அடி பின்னால் நகர்ந்தது.

“சொல்லலத்தா” என்றாள். போனாள்.

அந்தக் கீரையை நான் தொடவில்லை. வாடிப் பழுத்து வீடெல்லாம் ஒரு நாற்றம் அடித்தது. மறுநாள் அதே நேரத்துக்கு அடுத்த கட்டு வந்தது. பேசினாள். பேச்சு முடிந்ததும் போக வேண்டுமே, போகவில்லை. சொல்லாமல் போக அவளுக்குத் தெரியவில்லை. கால்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன, தகரத்தைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது, வெயில் ஏறியது. தகரத்துக்குள் நான் மாட்டியிருந்தேன் என்றால் வெளியே அவள் மாட்டிக்கொண்டாள். நெடுநேரம் கழித்து மருமகள் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் நாள் கீரையை ஆய்ந்துவிட்டேன். வேறு வேலை இல்லை. ஆய்ந்ததைத் தட்டில் வைத்து இடைவெளி வழியாக வெளியே தள்ளினேன். அப்போது கேட்டேன்.

“அது என்ன மதினி அப்படி ஒரு பழக்கம்? விட முடியாதா?”

இதற்கு முன்னாலும் கேட்டிருக்கிறேன். வாய்ப் பழக்கம் என்று ஒருதரமும், எங்க அம்மா வீட்டு வழக்கம் என்று ஒருதரமும் சொல்லியிருக்கிறாள். இரண்டும் பொய் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத் தகரம் மறைத்துக்கொண்டிருந்தது. முகம் தெரியாததாலோ என்னவோ, சொன்னாள்.

“எம் வீட்டுக்காரவுக செத்த அன்னைக்கு வீடு கொள்ளாத கூட்டம். குனிஞ்சு அழுதுக்கிட்டிருந்தேன். நிமுந்து பாத்தா ஒருத்தரும் இல்ல. வாசக்கதவு தெறந்தபடி கெடக்கு. வந்தவுகளும் சொல்லிட்டுப் போகல. செத்துப் போனவுகளும் சொல்லிட்டுப் போகல. அன்னைலருந்து எவ வீட்டுலயும் சொல்லாமப் போக கால் வரமாட்டேங்குது.”

சொல்லிவிட்டு நின்றாள். மகன் மூச்சு ஒரு பக்கம், தகரத்துக்கு அடியில் இந்தச் செருப்பு ஒரு பக்கம். அவள் போய்விட்டால் அடுத்த ஒன்பது மணி வரைக்கும் முப்பத்திரண்டு எட்டுத்தான். நாளைக்கு வருவாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும், ஒருத்தர் வாயால் கேட்டால்தான் அந்த நாளை நெட்டித் தள்ள முடியும் போல இருந்தது.

“சொல்லித் தொலைங்க மதினி” என்றேன்.

“வேணாம்த்தா. புள்ள கெடக்கான்.”

“சொல்லுங்க.”

“வாரேன்” என்றாள். அப்படி மெல்ல அவள் சொல்லி நான் கேட்டதில்லை.

அன்று மகன் போன் செய்யவில்லை. நான் கூப்பிட்டால் சுவிட்ச் ஆப் என்று ஒரு பெண் சொன்னாள். மத்தியானம் சொன்னாள், மூன்று மணிக்குச் சொன்னாள், நாலு மணிக்கும் சொன்னாள். சோறு இறங்கவில்லை. என் வாயால் கேட்டு வாங்கி என் பிள்ளையைக் கொன்றுவிட்டேன் என்று முற்றத்தில் உட்கார்ந்துவிட்டேன். தகரத்தைப் பிய்த்துக்கொண்டு ஓடினாலும் பஸ் இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் போன் அடித்தது.

“சார்ஜ் இல்லம்மா. இப்பத்தான் பக்கத்துக் கட்டில்காரர் ஒயரு குடுத்தாரு. கொழாய எடுத்துட்டாக. இட்லி தின்னேன்.”

நான் அவனைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்று அவனுக்குப் புரியவேயில்லை.

தகரத்தைப் பிரித்தார்கள். மகன் வந்தான், விஷயம் கேட்டான், மாட்டைப் போலக் கத்தி அழுதான். நான் அழவில்லை. தெருவில் உள்ளவர்கள் மூக்கை மூடிக்கொண்டு வந்து, தள்ளி நின்று பார்த்துவிட்டு, சட்டப்படி சொல்லாமல் போனார்கள். தொட்டு அழ யாருக்கும் துணிச்சல் இல்லை. கருமாதிக்கு ஐந்து பேர். என் அழுகை உள்ளே கிடந்து இறுகிவிட்டது. தகரம் போன பிறகும் நான் வாசல் தாண்டவில்லை. மதினி மட்டும் கீரையோடு வந்துகொண்டிருந்தாள். ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். அவள் வீட்டு முருங்கைமரம் மொட்டையாகிவிட்டது. பிறகு யார் வீட்டு மரத்தில் ஒடித்தாளோ தெரியாது.

தை பிறந்ததும் ஒருநாள் கீரையைப் பாதியில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“எங்க அண்ணனுக்கு நீர்மாலை எடுக்கல.”

நீர்மாலை என்றால், பிணத்தைக் குளிப்பாட்டப் பெண்கள் கூட்டமாகப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவது.

“குளிப்பாட்ட ஆளு எங்க மதினி இருக்காக? எரிச்சாச்சுல்ல.”

அவள் முற்றத்தைப் பார்த்தாள். சாக்கு மூடிய மொபெட்டு நின்றுகொண்டிருந்தது.

மறுநாள் காலையில் பதினைந்து இருபது பெண்கள் குடத்தோடு வந்துவிட்டார்கள். மதினி வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறாள். எங்கள் தெருவில் நீர்மாலை இல்லாமல் போனவர்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு. அந்த வீட்டுக்காரிகளில் ஒருத்தி, போனவருடைய மண்வெட்டியைக் கொண்டுவந்தாள். ஒருத்தி ரேடியோவைக் கொண்டுவந்தாள். ரேடியோவில் தண்ணீர் ஊற்றலாமா கூடாதா என்று கொஞ்சநேரம் வாக்குவாதம் நடந்தது, கடைசியில் அதன் உறையை மட்டும் நனைப்பது என்று முடிவானது.

சத்தம் கேட்டு ஊர்த் தலைவரான அம்பலம் வந்துவிட்டார்.

“செத்து எட்டு மாசம் கழிச்சு நீர்மாலையா? அதுவும் வண்டிக்கு? எந்த ஊரு வழக்கம் இது?”

“நம்ம ஊரு வழக்கந்தான்” என்றாள் மதினி. “இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கோம். சித்த தள்ளி நில்லுங்க, தண்ணி தெறிக்கும்.”

அவர் தள்ளி நின்றார்.

ஊரணியிலிருந்து வரிசையாகக் குடத்தோடு வந்தோம். எட்டு மாதத்தில் அன்றுதான் நான் வாசல் தாண்டினேன். கூட்டத்துக்கு நடுவில் என்னைப் போட்டு நகர்த்திக்கொண்டு போனதால் தாண்டியது தெரியவில்லை. மொபெட்டின் தலையில் எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்த்து, முதல் குடத்தை மதினி ஊற்றினாள். அவர் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளம் விழுந்த சீட்டில் தண்ணீர் தேங்கி, அழுக்காக வழிந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். மதினி, பக்கக் கண்ணாடி இரண்டையும் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

“இங்கிட்டு வந்து தேய்யி. காதுக்குப் பின்னாடி எங்க அண்ணன் என்னைக்குத் தேச்சாரு?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் நான் அவரிடம் சொல்லி அலுத்த பேச்சு அது. சிரித்தேன், பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள், கண்ணாடியின் பின்பக்கத்தைத் தேய்க்கப் போன என் கை நின்றுவிட்டது. பிறகு எனக்குத் தெரிந்ததெல்லாம் என் தோளில் விழுந்த கைகள்தான். வட்டமாக நின்று, தலையோடு தலை முட்டி, மண்வெட்டிக்காரியும் ரேடியோக்காரியும் நானும் அழுத அழுகையில் அம்பலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கிட்டுத் திரும்பிக்கொண்டாராம். மொபெட்டு அதற்குப் பிறகு ஸ்டார்ட் ஆகவேயில்லை.

எல்லாரும் சொல்லாமல் போனார்கள். கடைசியில் மதினி. படியிறங்கி, குடத்தை இடுப்பில் வைத்து, சொல்லாமல் போய்விட்டாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு நான் வாசலைப் பார்த்தேன். ஒன்பதேகாலுக்கும் பார்த்தேன். பத்து மணிக்கு அவள் வீட்டுக்கே போனேன்.

“என்ன மதினி, வரல?”

“அதான் அழுதுட்டியே. இனிமே நா எதுக்கு?”

எத்தனையோ வீட்டில் அவள் திடீரென்று நிறுத்தியது ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

“பாதிதான் அழுதிருக்கேன்” என்றேன். “மிச்சம் கெடக்கு.”

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். “களவாணி” என்று சொல்லிவிட்டுக் கீரை ஒடிக்கத் துரட்டியை எடுத்தாள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த மிச்சத்தைச் சாக்கு வைத்தே கீரை தின்றேன்.

போன பங்குனியில் ஒன்பது மணி பஸ்ஸுக்கு நின்றவள் நின்ற இடத்தில் விழுந்தாள். அரிமளம் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. பீரோவிலிருந்து புதுச் செருப்பை எடுத்து வெளியே வைத்திருந்தார்கள். நீர்மாலைக்கு நான் முதல் குடம். நன்றாக அழுதேன், மிச்சமில்லாமல்.

அவள் மருமகள் மூலையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. ஊர் அதைப் பார்த்துக் காதுக்குள் பேசிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“காலையில பஸ்ஸுக்குக் கெளம்பையில ‘வாரேன்’னாக அத்தே” என்றாள். “கோவத்துல இருந்தேன். பதில் சொல்லல.”

கூட்டம் கலைந்தது. ஒவ்வொருவராக நழுவினார்கள். நானும் எழுந்தேன். வாசல்படிவரை வந்துவிட்டேன், கால் இறங்கவில்லை. இத்தனை வருஷம் அவளைக் கிள்ளியவள் நான். திரும்பிப் பார்த்தேன். திறந்த கதவு வழியாக அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாரேன்த்தா” என்றேன்.

பின்னால் நின்ற யாரோ என் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினார்கள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு ஒரு கட்டு முருங்கைக்கீரையோடு போனேன். அவள் அதே மூலையில் இருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினாள்.

“வாங்க” என்று சொல்லி, மடியை விரித்தாள்.